சீக்குப் பெட்டியும் ஒரு கல்யாணமும்

எண்பதுகளில் திண்டுக்கல் ஜங்ஷனில் எனக்கு வேலை, வந்து நிற்கும் ரயிலின் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிக் கேட்பது. பழனிப் பாதை அப்போது மீட்டர் கேஜ். விடிகாலைப் பனியில் மலைக்கோட்டை பாதி மறைந்திருக்கும். நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு வண்டி நெடுக நடப்பேன். ஒரு தட்டு, கணீர். அது அடங்குமுன் அடுத்த சக்கரத்தின் கணீர் அதன்மேல் ஏறிக்கொள்ளும். நான் நடக்கிறேனா, ஓசை என்னை நடத்திப் போகிறதா என்றே தெரியாது. சம்பளம் வாங்கிக்கொண்டு கனவு காண்கிறவன் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். உண்மைதான், அதில் எனக்கு வருத்தமில்லை.

இரும்பு ஏன் ஒலிக்கிறது, கரியும் கந்தகமும் ஏன் ஒலிப்பதில்லை என்று இளைய ஃபிட்டர்கள் கேட்பதுண்டு. உலோகத்தின் அணுக்கள் அடுக்கடுக்காக, ஒன்றையொன்று விடாமல் பிடித்திருக்கின்றன. அடித்தால் நொறுங்காமல் அசைந்து, திரும்பி, மறுபடி அசைகின்றன. அந்த அதிர்வுதான் நமக்குக் கேட்கிறது. கரி, கந்தகம் அடித்தால் உதிர்ந்துபோகும். மரக்கட்டை அடியை விழுங்கிவிடும். விரிசல் கண்ட இரும்பும் அப்படித்தான், அதன் அதிர்வு விரிசலிலேயே உரசிச் செத்துவிடும்.

ஒரு தை மாத முகூர்த்த நாள். பழனி வண்டியின் கடைசிப் பெட்டி நிறைய சின்னாளப்பட்டி நெசவுக் குடும்பம் ஒன்று ஏறியிருந்தது. பழனியில் கல்யாணம். மணப்பெண் ஜன்னலோரம். அவளுக்குக் கீழே இருந்த சக்கரத்தைத் தட்டினேன்.

லொட்.

சக்கரத்தை அழுத்தி நிறுத்தும் பிரேக் பிளாக் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓசை வராது. டம்ளரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தட்டுவது போலத்தான். பிரேக்கை விடுவித்து, பிளாக் விலகியதைப் பார்த்துவிட்டு மறுபடி தட்டினேன். லொட். எங்கள் டி.எக்ஸ்.ஆர்., அதாவது வண்டி ஓடலாமா என்று முடிவு சொல்லும் அதிகாரி, தானும் தட்டிக் கேட்டார். “சிக் போட்டுரு, கழட்டிரலாம்” என்றார்.

ஓடத் தகுதியில்லாத பெட்டியை ஒதுக்குவதை நாங்கள் ‘சிக்’ போடுவது என்போம். பேச்சில் அது சீக்கு ஆகிவிடும். நான் ஜன்னலைப் பார்த்து, “இது சீக்கும்மா, எறங்கிருங்க” என்று சொல்லிவிட்டேன்.

பெண்ணின் அம்மா எழுந்து நின்றார். “யாருக்குய்யா சீக்கு? எம்மகளுக்கா? மாப்ள வீட்டு ஆளுக உக்காந்திருக்காக, அவுக காதுல விழுந்தா என்னத்துக்கு ஆகும்?”

“பெட்டிக்கும்மா. சக்கரத்துல சத்தம் வரலை.”

“சத்தம் வரலேன்னா எண்ணெயப் போடுங்க. ஏறி உக்காந்த பொண்ண எறக்குறது சகுனமாய்யா? மொகூர்த்தம் வேற போயிரும்.”

பெட்டியே அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. இவர்கள் இறங்காமல் பிடிவாதம் பிடித்து, மேலதிகாரி யாராவது மனமிரங்கி வண்டியை விட்டுவிட்டால்? பக்கத்துச் சக்கரத்தைத் தட்டினேன். கணீர். இதைத் தட்டினேன். லொட்.

பெண் ஜன்னல் வழியே குனிந்தாள். “இன்னொருக்க தட்டுங்கண்ணே.”

தட்டினேன். அவள் நெற்றியைச் சுருக்கிக் கேட்டாள்.

“அம்மா, விரிசல் விட்ட கொடம் மாதிரி கேக்குது. எனக்குச் சீர்க்கொடம் வாங்கையில கடையில இருந்ததையெல்லாம் தட்டித் தட்டித்தான எடுத்த? இதையும் கேளு.”

அம்மா கேட்டார். சீர்க்குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள். சீர்வரிசையோடு எல்லாரும் முன்பெட்டிகளில் நெருக்கியடித்து ஏறினார்கள். வண்டி தாமதமாகத்தான் கிளம்பியது.

பெட்டியைப் பழுதுபார்க்கும் சிக் லைனுக்குத் தள்ளினோம். சக்கரத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்குக்கட்டித் தூளைப் பூசிக் காத்திருந்தேன். உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளையில் நூல் போல ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் திரும்பினார்கள். சக்கரத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டு வந்தாள். கோட்டைக் காட்டினேன். “இத்தனூண்டா” என்று விரல் வைத்துப் பார்த்தாள். மாப்பிள்ளை சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மொகூர்த்தம் தப்பிருச்சாம்மா?” என்று கேட்டேன்.

“தாலி ஏறுன நேரந்தாண்ணே மொகூர்த்தம்” என்றாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சக்கரம் சொல்வதை நீ எடுத்துச் சொல்லி மன்றாடாதே. தட்டிக்காட்டிவிட்டு, கேட்க விடு.