முற்றத்து மலைவேம்பு

இத்தாலியின் பலெர்மோவில் வேப்பமரம் கிடையாது. இதை, இங்குள்ள பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து அங்கேயே ஆராய்ச்சியும் செய்கிற கேசிகா எத்தனை தரம் சொன்னாலும், போர்கோ வெக்கியோப் பகுதியில் நிற்பது வேம்புதான் என்று அடித்துச் சொல்வார் சறோஜா அன்ரி.

அது மலைவேம்பு. துறைமுகப் பக்கத்துச் சந்தொன்றில், ஆளில்லாத வீட்டின் முற்றத்தில் நின்றது. தமிழ் வீடுகளில் யாருக்காவது அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்பளம் போட்டால், வாசலில் கட்டவும் தலைக்கு வார்க்கிற தண்ணீரில் போடவும் குழை அங்கிருந்துதான் வரும். தெருவோரங்களிலும் மலைவேம்பு உண்டு. நாய் கால் தூக்குகிற மரத்தில் அம்மாளுக்குப் பிடுங்குவதா என்று பெண்கள் அவற்றைத் தொடமாட்டார்கள். முற்றமோ அடுத்தவன் காணி. பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க அலைகிற சனத்துக்குப் புதிதாக ஒரு வில்லங்கம் எதற்கு? எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

கேசிகா இந்த நகரத்தில்தான் பிறந்தாள். அம்மா இத்தாலியச் சின்யோறாமாரின் வீடுகளில் வேலை செய்தவர். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே, வருத்தம் வந்த அன்ரிமாரோடு ஆஸ்பத்திரிக்குப் போய் மொழிபெயர்ப்பாள். "வயித்துக்கை என்னவோ ஓடுது" என்பதை டொக்டருக்கு எப்படி விளங்கவைப்பது என்று முழித்ததிலிருந்துதான் அவளுடைய முதல் ஆராய்ச்சி வந்தது. பிறகு ஆய்வுகூடங்களில் போய்க் குந்தியிருந்து, எது மருந்து எது நஞ்சு என்று விஞ்ஞானிகள் எப்படி முடிவு கட்டுகிறார்கள் என்று பார்த்தாள். அதற்குப் பிறகு நகரத்து மரங்களும் அவற்றை அண்டிய மனிதரும். முடியாத படிப்பு என்று வீட்டில் சிரிப்பார்கள்.

மலைவேம்புப் பழம் நஞ்சு என்று அறிந்ததும் அவள் ஓடிப்போய்ச் சொன்னது சறோஜாவிடம்தான்.

"பழத்தை ஆர் பிள்ளை தின்னுறது? நாங்கள் குழை மட்டும்தான். வேம்பில்லை எண்டால் என்ன? நாங்கள் அகதியாய் வந்தனாங்கள் எண்டு அம்மாளுக்குத் தெரியாதே?"

"இதை எழுதட்டே அன்ரி?"

"ஓம், எழுது. இடத்தை மட்டும் சொல்லிப்போடாதை."

வாக்குக் கொடுத்தாள். கட்டுரையில் தெருவின் பெயர் வரவில்லை. ஆனால் லொரெடானாவுக்கு மரத்தைக் காட்டினாள். லொரெடானா அவளுடைய பேராசிரியை. கேசிகாவின் கலியாணத்துக்குச் சேலை கட்டி வந்தவள். அம்மாவின் கத்தரிக்காய்க் குழம்பை விரலால் வழித்துச் சாப்பிட்டவள். எனக்கு மட்டும் காட்டு, வெளியே போகாது என்றாள். அவளையும் நம்பாவிட்டால் யாரைத்தான் நம்புவது?

மரத்தைப் பார்த்த சில வாரங்களில் பத்திரிகையில் லொரெடானாவின் பேட்டி வந்தது. தெருவின் பெயர் இருந்தது. முற்றத்தின் படம் இருந்தது. நஞ்சுப் பழத்தைப் பற்றி நீளமாக இருந்தது. யாரும் அதைத் தின்பதில்லை என்று கேசிகா எழுதியதை மட்டும் காணவில்லை. அவளுடைய பெயரும் இல்லை. இத்தனை வருடம் பக்கத்து மேசையில் இருந்து வேலை செய்தவள், "எனக்குத் தகவல் தந்த ஒரு தமிழ்ப் பெண்" ஆகியிருந்தாள்.

நேரே போய்க் கேட்டாள். லொரெடானா அசரவில்லை.

"தகவல் தருபவரின் பெயரை வெளியிடக்கூடாது. அதுதானே நம்முடைய ஒழுக்கம்? உன்னைப் பாதுகாத்திருக்கிறேன், கேசிகா."

"நான் மறைக்கச் சொன்னது தெருவை."

"நகரத்தில் நிற்கிற மரம் நகரத்துக்குத் தெரியத்தானே வேண்டும்?"

நன்றாகவே தெரிந்தது. நஞ்சுமரம் என்று பயந்த பக்கத்து மாடிக்காரர்கள் சேர்ந்து, அந்த இலையுதிர் காலத்திலேயே அதை அடியோடு வெட்டிப்போட்டார்கள். கோயிலில் கேசிகாவைக் கண்டால் பெண்கள் முகம் கொடாமல் தங்கள் பிள்ளைகளின் சட்டையை இழுத்துச் சரிசெய்யத் தொடங்கினார்கள். பேட்டி கொடுத்தது நானில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "அவளை அங்கை கூட்டிக்கொண்டு போனது ஆர்?" என்று சறோஜா ஒரே கேள்வி கேட்டார். அதற்குப் பிறகு கதைக்கவில்லை. லொரெடானா செய்தது துரோகம். அந்தத் துரோகத்துக்குத் தன்னுடைய முகம் அல்லவா கிடைத்திருக்கிறது என்று கேசிகா குமைந்தாள்.

அடுத்த வைகாசியில் அவளுடைய கணவன் தனேஸுக்குக் கொப்பளிப்பான் வந்தது. வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோக்கியாகச் சமைக்கிறவன். டொக்டர் மருந்து கொடுத்தார். காய்ச்சலும் இறங்கியது. ஆனாலும் அவன் கட்டிலில் கிடந்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாசல் வெறுமையாய்க் கிடக்குது, கேசி."

அவள் மருந்தை எடுத்து நீட்டினாள்.

மறுநாள் காலை சறோஜா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கையில் சுப்பர்மார்க்கெட் பை. அதிலிருந்து குழையை எடுத்து, கேசிகாவின் முகத்தைப் பாராமல் வாசலில் கட்டினார்.

"உனக்காக வரேல்லை. அம்மாள் வந்த வீடு."

இலைகளில் இன்னும் ஈரம் இருந்தது. காலம் முழுக்கக் கேள்வி கேட்டே பழகிய வாய், அவள் தடுப்பதற்குள் கேட்டுவிட்டது.

"எங்கை அன்ரி பிடுங்கினனியள்?"

சறோஜா முடிச்சை இறுக்கி முடித்தார்.

"தண்ணி வாக்கிற அண்டைக்கும் கொண்டு வாறன். இடம் உனக்கு வேண்டாம் பிள்ளை."

அவர் இறங்கிப் போனதும் கேசிகா பல்கனிக்கு வந்தாள். எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்க்கத்தான் வந்தாள். சறோஜா தெருமுனையில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிற்கும்வரை அவர் அசையமாட்டார் என்று விளங்கியது.

கேசிகா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.