இரண்டு சைஸ் பெரிய வெட்சூட்

சாந்தோமில் எங்கள் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனால் கடல் தெரியும். பிறந்த வீட்டு மாடியிலிருந்தும் தெரியும். இரண்டு வீடும் ஒரே மாதா கோயில் பங்கு, நடுவில் நான்கு தெரு. இருந்தும் ஐம்பது வயது வரை அந்தக் கடலில் நான் முழங்காலைத் தாண்டிப் போனதில்லை. அம்மா போட்ட சட்டம் அது. "முழங்கால் வரைக்கும்தான்" என்று கரையில் நின்று கத்துவாள். அம்மா போய்ப் பல வருஷம் ஆகியும் சட்டம் மட்டும் அமலில் இருந்தது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அலை முழங்காலைத் தொட்டதும் தானாகப் பின்வாங்கிவிடுவேன்.

பள்ளிக்கூட ஆபீசில் எனக்கு வேலை. நாற்பத்தாறு வயதில் நீச்சல் குளத்துக்குப் பெண்கள் வகுப்பு நேரத்தில் போய், மற்றவர்கள் கை காலை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே நீந்தக் கற்றுக்கொண்டேன். அங்கே அறிமுகமானவள்தான் எங்கள் மாஸ்டர். முப்பது வயதுப் பெண், அடையாறு முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் மீன்பிடிக் குடும்பம். முதுகில் சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் முழுகும் ஸ்கூபாவைக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். "அக்கா, இவ்ளோ நல்லா மிதக்கறீங்க, ஒரு தபா முழுகித்தான் பாருங்களேன்" என்றாள். அவ்வளவுதான், சேர்ந்துவிட்டேன்.

செய்தி முதலில் போய்ச் சேர்ந்தது எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரம்மாவிடம். கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாம்மா, மீன் பார்க்கவா கடலுக்குள்ள போற? நான்தான் தினம் உன் வாசலாண்ட கொண்டாந்து காட்டிக்கினு கீறேனே?"

இந்த மாதிரி யாராவது ஏதாவது சொன்னால் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன். என் படிப்பு பன்னிரண்டாவதோடு நின்றது. மிச்சமெல்லாம் இப்படி வாய் வழியாக வந்ததுதான்.

குளத்தில் பாடம் முடிந்து கடல் மட்டும் பாக்கி இருந்தது. அந்த சீசனில் படகு போக இன்னும் இரண்டே இரண்டு ஞாயிற்றுக்கிழமை. அதற்கப்புறம் காற்று திரும்பித் தண்ணீர் கலங்கிவிடும், அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் என்பது எனக்கு நிச்சயமில்லை. உடம்பு தகுதி என்று கையெழுத்துப் போட்ட டாக்டர், கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தார். "இந்த வருஷம் போடறேன். அடுத்த வருஷம் உங்க சுகரைக் கேட்டுட்டுத்தான் போடுவேன்." என் சுகரின் குணம் எனக்குத் தெரியும். எப்படியும் இந்த இரண்டு ஞாயிறில் ஒன்றில் கடலின் தரையைப் பார்த்துவிட வேண்டும்.

முழுகும்போது குளிராமல் இருக்கப் போடும் வெட்சூட் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் ஊரார் போட்டு நனைத்த சட்டையை உடம்போடு ஒட்டிப் போட்டுக்கொள்ள மனசு வரவில்லை. சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்றேன். என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, உடனே கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு உலகமே தி. நகர்தான்.

"பாண்டி பஜார்ல ஒண்ணு கிடைக்கலேன்னா அது நமக்குத் தேவையில்லாத பொருள்னு அர்த்தம்" என்றார்.

கிடைத்தது. விளையாட்டுச் சாமான் கடை ஒன்றின் இரண்டாவது மாடியில், நீச்சல் உடைகளுக்குப் பின்னால், கறுப்பாக நாலைந்து தொங்கின. விற்பனையாளர் அதற்கு முன் புடவைக் கடையில் வேலை பார்த்தவராக இருக்க வேண்டும். வெட்சூட்டைத் தோளில் சாய்த்துப் போட்டு, முந்தானை காட்டுவது போலக் கையை நீட்டிக் காட்டினார். பெரிய பலகையில் எழுதாத குறையாக எங்கள் அக்காவுக்கு ஒரு விதி உண்டு.

"ரெடிமேட்னா ரெண்டு சைஸ் கூட எடுக்கணும். துவைச்சா ஒரு சைஸ் அது சுருங்கும். கிறிஸ்துமஸுக்கு ஒரு சைஸ் நாம ஏறுவோம்."

"இல்லைங்கம்மா, இதை டைட்டாத்தான் போடணுமாம். அட்டையில போட்டிருக்கு" என்றார் அவர்.

"அட்டைக்கு இன்னாப்பா தெரியும்? அது என்னைக்காவது துவைச்சிருக்குதா?"

அக்கா மேல் மட்டும் பழி போடக் கூடாது. என் அளவில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். போன பத்து வருஷக் கிறிஸ்துமஸ் கேக்கும் கல்கல்லும் எந்தெந்த இடத்தில் தங்கியிருக்கின்றன என்று வரிசையாகத் தெரிந்தது. படகில் ஆண்கள் இருப்பார்களே என்று நினைத்தேன். கழற்றிக் கொடுத்துவிட்டு, அக்கா நீட்டிய பெரியதை எடுத்துக்கொண்டேன். அது ஆண்களுக்கு வெட்டியது. இடுப்பில் காற்று வாங்கியது, முழங்காலில் மடிப்பு விழுந்தது. எனக்கோ அப்பாடா என்றிருந்தது.

முதல் ஞாயிறு படகில் ஏறும்போதே மாஸ்டர் என் முதுகுப் பக்கம் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கைப்பிடி முழுக்க ரப்பர் வந்தது.

"அக்கா, இன்னா இவ்ளோ லூஸா கீது?"

"பரவாயில்லைம்மா. தண்ணிதான் வெதுவெதுன்னு இருக்கே?"

"மேல வெதுவெதுன்னுதான்கா கீது" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, குளிருச்சுன்னா உடனே கை காட்டணும்" என்றாள்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். கழுத்து வழியாக நுழைந்த தண்ணீர் முதுகுத் தண்டில் ஓடிக் கணுக்கால் வழியாக வெளியே போனது. ஒவ்வொரு முறை காலை உதைக்கும்போதும் பழைய தண்ணீர் வெளியே, புதுத் தண்ணீர் உள்ளே. எனக்குள் யாரோ குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. வாசலில் நின்றால் வியர்க்கிற ஊர் இது, அதே ஊரின் கடலில் பத்து நிமிஷத்தில் என் பல் தந்தியடித்தது. வாயில் கவ்வியிருந்த குழாய் முனையில் பல் படும் சத்தம் எனக்கே கேட்டது. கீழே ஏதோ வெளிறலாக, தரையாகத்தான் இருக்க வேண்டும், மங்கலாகத் தெரியத் தொடங்கிய நேரம். இரண்டு கையாலும் என்னையே கட்டிக்கொண்டேன், குளிர்கிறது என்பதற்கு அதுதான் சைகை. மாஸ்டர் என் கண்ணைப் பார்த்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினாள். தண்ணீருக்கடியில் அதற்கு "மேலே போ" என்று அர்த்தம்.

சுள்ளென்ற வெயிலில், இரண்டு துண்டைச் சுற்றிக்கொண்டு படகில் நடுங்கிக்கொண்டிருந்தேன். படகோட்டி பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். "இருபது வருஷமா படகு ஓட்டறேன். வெயில்ல நடுங்கற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றார். நடுங்கிக்கொண்டே அதையும் மனசில் குறித்துக்கொண்டேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "மெட்ராஸ்ல குளிர் தாங்காம திரும்பி வந்த முதல் பொம்பளை நீதான்டி."

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு தண்ணிதானே பட்டிருக்கு? இன்னும் சுருங்கலை. நல்லா துவைச்சு வெயில்ல போடு" என்றார். நானும் வெந்நீரில் முக்கி எடுத்து மாடிக் கொடியில் தொங்கவிட்டேன். கை கால் விரித்து, தலை மட்டும் இல்லாமல் அது தொங்கியதைப் பார்த்துப் பக்கத்து மாடிக்கு வற்றல் எடுக்க வந்தவர் "ஐயோ மாதாவே" என்று கூடையைப் போட்டுவிட்டார். தினமும் காலை அக்கா இன்ச் டேப்போடு மாடியேறினார். மூன்று நாளில் ஒரு நூல் கூடச் சுருங்கவில்லை.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அக்காவும் நானும் திருவான்மியூரில் மாஸ்டரின் இடத்துக்குப் போனோம். கடற்கரைக்குப் பின் தெருவில் ஒரு ஷெட். சுவர் ஓரமாக வெட்சூட்கள், சிலிண்டர்கள், ஒரு பழைய மின்விசிறி. வெந்நீர்க் கதையைச் சொன்னதும் மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வெந்நீர்லயா? வெயில்லயா? அக்கா, அது ரப்பர்க்கா. அப்படிப் போட்டா கெட்டுப்போகும், சுருங்காது. நிழல்ல காய வைக்கணும்."

அக்கா அந்தப் பக்கம் சிலிண்டரைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார்.

மாஸ்டருக்குப் பேசத் தெரியும். அக்காவின் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, உங்களையே கேக்கறேன். பட்டுப் புடவைக்கு பிளவுஸ் தைக்கக் குடுத்தா எப்படி இருக்கணும்பீங்க?"

அக்காவுக்கு முகம் மலர்ந்தது. ஆன்ட்டி என்று கூப்பிட்டதைக் கூட மன்னித்துவிட்டார். "ஒட்டிக்கினு இருக்கணும். முதுகுல ஒரு சுருக்கம் வரக் கூடாது. அக்குள்ல தொங்கக் கூடாது. கையைத் தூக்கினா பிடிக்கவும் கூடாது."

"அவ்ளோதான் ஆன்ட்டி வெட்சூட்டும்!"

பிறகு விளக்கிச் சொன்னாள். உள்ளே கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும். சூட் உடம்போடு ஒட்டியிருந்தால் அந்தத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் நம் உடம்புச் சூட்டிலேயே வெதுவெதுப்பாகிவிடும். இடைவெளி இருந்தால் அது நிற்காது, ஓடும். நம் கடலுக்கு மூன்று மில்லிமீட்டர் கனம் போதும். ஐந்து போட்டால் தக்கை மாதிரி மிதப்போம், இறங்குவதற்கு இடுப்பில் ஈயக்கட்டி கூடக் கட்ட வேண்டும், போதாததற்குப் படகிலேயே வெந்துவிடுவோம். குட்டைக் கை, குட்டைக் கால் சூட்டும் இருக்கிறது. ஆனால் சொறி உரசினால் எரியும், அதனால் எனக்கு முழுசுதான் நல்லது. சொறி என்று அவர்கள் சொல்வது கண்ணாடி போல மிதந்து வரும் ஜெல்லியை.

அதற்கப்புறம் ஷெட் எங்கள் அக்காவின் ராஜ்யமாகிவிட்டது. விற்பதற்கு வைத்திருந்ததில் பெண்கள் அளவு மூன்றை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தேன். கல்யாண பிளவுஸ் பார்க்கிற அதே கண்ணால் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"திரும்பு. கையைத் தூக்கு. உட்கார்ந்து எழுந்திரு. இடுப்புக்கு மேல என் விரல் போகுது பார், ரிஜெக்ட்!"

இரண்டாவது கழுத்தை நெரித்தது. "மூச்சு விட முடியுதா? பொய் சொல்லாதே, முகம் செவந்துபோச்சு. கழட்டு."

மூன்றாவது முட்டியைத் தாண்டவே மாட்டேன் என்றது. இழுத்தோம், தள்ளினோம், மாஸ்டர் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். நான் நடுவில் ஒற்றைக்காலில் குதித்தேன். சிரிப்பில் மூன்று பேருக்கும் தெம்பு போய்விட்டது.

"காலுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கினா வழுக்கிக்கினு போகும்கா. இப்பதான் எந்தக் கடையிலயும் கவரே குடுக்கறதில்லையே" என்றாள் மாஸ்டர்.

அக்கா கைப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு கவர். அந்தக் கவருக்குள் நான்காக மடித்த இன்னும் ஏழெட்டுக் கவர்.

"எந்தக் கடைது வேணும்? ரங்கநாதன் தெரு இருக்கு, உஸ்மான் ரோடு இருக்கு."

ரங்கநாதன் தெருக் கவரைப் பாதத்தில் மாட்டினேன். கால் சர்ரென்று உள்ளே போனது. ஜிப்பை ஏற்றியதும் அக்கா முதுகில் விரலை வைத்தார், இடமில்லை. அக்குளில் வைத்தார், இடமில்லை. கழுத்தில் வைத்தார், "முழுங்கு" என்றார், விழுங்கினேன். சுவரில் இருந்த கண்ணாடியில் கேக்கும் கல்கல்லும் வரிசையாகத் தெரிந்தன. அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தெரிஞ்சாத் தெரியட்டும்டி. உள்ள மீன்தானே பார்க்கப் போகுது?"

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் கடனைச் சனிக்கிழமை மாலைப் பூசையிலேயே முடித்துவிட்டேன். மறுநாள் காலை அக்காவும் கரை வரை வந்தார், கைப்பையோடு.

படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தபோது பயம் இல்லாமல் இல்லை. இதுவும் குளிர்ந்துவிட்டால்? மாஸ்டர் கண்ணைக் காட்டியதும் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தேன். கழுத்தோரம் ஒரு ஜில் நுழைந்தது. அதோ ஆரம்பித்துவிட்டது என்று பல்லைக் கடித்தேன். அந்த ஜில் முதுகு வரை வந்து, அங்கேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் வெதுவெதுப்பாகி, எனக்கு வேண்டியவர் போல ஆகிவிட்டது. உதைத்துப் பார்த்தேன், ஓடவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கையாக மாற்றி இறங்கினேன். போன வாரம் திரும்பிய இடம் வந்தது. தாண்டிப் போனது.

வெளிறலாகத் தெரிந்தது மணல்தான். அலை எழுதிய கோடு கோடாக, கோலமாவை விரலால் இழுத்த மாதிரி. ஒரு பாறை. அதன் மேல் குட்டி மீன்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் திரும்பின. பிறகு பாறைக்குப் பின்னாலிருந்து வந்தது ஒரு சங்கரா மீன். வாழ்நாளில் எத்தனை சங்கரா கழுவியிருப்பேன்! அத்தனையும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவை. முதல் தடவையாக ஒரு சங்கரா என்னைத் திரும்பிப் பார்த்தது.

மாஸ்டர் கையைத் தாழ்த்தி, மண்டியிடச் சொன்னாள். மெல்ல இறங்கினேன். மணலில் என் முழங்கால்கள் பட்டன. தலைக்கு மேல் ஏழெட்டு ஆள் உயரத்துக்குக் கடல், அதற்கும் மேல் வெயில் வட்டமாக ஆடிக்கொண்டிருந்தது. "அம்மா, முழங்கால் வரைக்கும்தான்" என்று நினைத்தேன். சிரித்துவிட்டேன், முகமூடிக்குள் தண்ணீர் வந்துவிட்டது.

கரையில் அக்கா கேட்ட முதல் கேள்வி, "குளிருச்சா?"

"இல்லக்கா."

"பின்னே? ஃபிட்டிங் யாரு பார்த்தது?" என்று படகோட்டி காதில் விழும்படி சொன்னார்.

பெரிய சூட் வீணாகவில்லை. அன்று மதியம் என் வீட்டுக்காரர் விளையாட்டாகப் போட்டுப் பார்த்தார். தைத்து வைத்த மாதிரி இருந்தது. அக்கா வந்து நாலா பக்கமும் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "பாஸ். நான் அன்னிக்கே இவனுக்குத்தான் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டார். என்னைக் கேலி பண்ணிய மனுஷன் இப்போது வாரம் மூன்று நாள் நீச்சல் குளத்துக்குப் போகிறார்.

செவ்வாய்க்கிழமை மீன்காரம்மா கூடையை இறக்கினாள். மேலே சிவப்பாகச் சங்கரா.

"இன்னாம்மா, போய்ப் பார்த்தியா? எப்படி கீறாங்க எல்லாரும்?"

"நல்லா கீறாங்க" என்றேன். சங்கராவை எடுத்துக் கையில் கொடுத்தாள். அது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு மட்டும் அதைத் திருப்பிக் கூடையில் வைத்துவிட்டு, இறால் எடுத்துக்கொண்டேன். இறாலை நான் கீழே பார்க்கவில்லை.