சுக்கானுக்குச் செய்த பெட்டி

நாய்க்கூண்டுக்கு விஷப்புகை போட்ட மனிதரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் அவருடைய மகள். இத்தனை வருஷம் ஆகியும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறுகிறது.

அப்பா தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் இருந்தார். ஒரு சரக்கு குடோனிலிருந்து கிளம்பிக் கப்பலில் ஏறும் வரைக்கும் உள்ள அலைச்சல் முழுவதும் அவர் தலையில். கஸ்டம்ஸுக்கு ஓடுவது, லாரி டிரைவர்களோடு மல்லுக்கு நிற்பது, பெட்டி நசுங்கினால் யார் நசுக்கியது என்று விசாரிப்பது, எல்லாம் அவர்தான். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. திருச்செந்தூருக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புவதற்குப் பை கட்டினாலும், கனமானது அடியில், கசியக்கூடியது தனியாக, ஓரத்தில் துண்டைத் திணி என்று பக்கத்தில் நின்று உயிரை வாங்குவார். "இது என்ன கொழும்புக்கா போவுது?" என்று அம்மா கேட்பாள். அதெல்லாம் அவர் காதில் விழாது.

நான் ஐந்தாவது படிக்கும்போது அவரைச் சென்னை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அப்போது வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்கா, பிறகு சுக்கான். அத்தை கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இறால் கம்பெனி ஒன்றில் தோல் உரிக்கும் வேலைக்குப் போய்வந்தாள். எனக்குத் தலை வாரி விடுவது, வீட்டுப் பாடத்துக்கு உட்கார வைப்பது, அம்மா அடிக்க வந்தால் நடுவில் புகுவது எல்லாம் அவள்தான். சுக்கான் எங்கள் நாய். லாரிகள் நிற்கும் மைதானத்தில் தாயில்லாமல் கிடந்த குட்டியை அப்பாவே சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். நடக்கும்போது வால் இப்படியும் அப்படியும் திரும்புவதைப் பார்த்துவிட்டு, தோணியைத் திருப்புகிற சுக்கான் மாதிரி இருக்கிறது என்று அவரே பேரும் வைத்தார்.

மாற்றல் என்றதும் நான் கேட்ட முதல் கேள்வி, சுக்கான் வருவானா என்பதுதான். அம்மா ஒரே போடாகப் போட்டாள்.

"அங்கன வீடு தீப்பெட்டி கணக்கா இருக்காம். மனுசன் நிக்கவே இடமில்ல, நாய் ஒரு கேடா?"

விடுவேனா? அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலும் சாப்பிடவில்லை. மத்தியானம் அத்தை பின்பக்கமாக வந்து ஊட்டிவிட்டதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. சாயங்காலம் அப்பா வந்ததும், சுக்கான் வராவிட்டால் நானும் வரமாட்டேன், என் டி.சி.யை வாங்காதீர்கள் என்று வாசலை மறித்து நின்றேன். அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், முற்றத்தில் சுக்கானுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்தார். "சரி, கூட்டிட்டுப் போவோம்" என்றார். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். சாட்சிக்கு அம்மாவும் அத்தையும் இருந்தார்கள்.

அத்தை வருவாளா என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழவே இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அத்தைக்கு இங்கே வேலை இருக்கிறது. இதை யாரும் யாரிடமும் கேட்டதாகவும் தெரியாது, சொன்னதாகவும் தெரியாது. வீட்டுச் சாமான் ஒரு மினி லாரியில் போகும், அப்பா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போவார், நானும் அம்மாவும் அன்று சாயங்காலம் ரயிலில் போவோம் என்று ஏற்பாடு. சுக்கான் லாரியில்.

லாரி டிரைவர் ஒரு நிபந்தனை போட்டார். "கூண்டுல அடச்சுக் குடுங்க அண்ணாச்சி, ஏத்திக்கிடுதேன். சும்மா கயித்துல கட்டிட்டு வந்தா நடக்காது. போன தடவ ஒரு ஆடு பாலத்துல குதிச்சிட்டு." இந்த ஆடு விஷயம் நிஜமா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். ஆனால் அப்பா உடனே தலையாட்டினார். துறைமுகச் சாலையில் ஏற்றுமதிக்குப் பெட்டி அடிக்கிற அண்ணாச்சி ஒருவர் அவருக்கு நல்ல பழக்கம். அவரிடம் சொல்லிச் செய்வதாகச் சொன்னார். சுக்கான் நீளத்தையும் உயரத்தையும் அப்பாவே டேப் வைத்து அளந்தார். அவன் திரும்பிப் படுக்க இடம் வேண்டும், மூன்று பக்கமும் காற்றுத் துளை வேண்டும் என்று நான் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டார். அப்படியே உருகிப்போய்விட்டேன், போங்கள்.

நானும் அத்தையும் மற்ற வேலைகளைப் பார்த்தோம். மாட்டாஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஊசி போட்டோம். ஊசி போட்டவரை சுக்கான் ஒன்றும் செய்யவில்லை, பக்கத்தில் நின்ற கன்றுக்குட்டியைப் பார்த்துத்தான் குரைத்தான். பெட்டிக்குள் இருந்து பழகட்டும் என்று டி.வி. வந்த அட்டைப்பெட்டியைச் சாய்த்துவைத்து, உள்ளே சோறு போட்டோம். முதலில் தலையை மட்டும் விட்டான். பிறகு மொத்தமாக நுழைந்தான். பிறகு எங்களைக் கண்டாலே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு தட்டைப் பார்த்தான். அத்தை சிரித்தாள். "மெட்ராஸ் போவுறதுக்கு ஒன்னவிட இவன்தாம்ளா அவசரப்படுதான்" என்றாள்.

என் பழைய பள்ளிக்கூடப் பையில் அவனுக்கென்று தனியாக மூட்டை கட்டினோம். அலுமினியத் தட்டு, தண்ணீர்ப் பாட்டில், மேரி பிஸ்கட், உதிரியாக ஒரு கயிறு. இரண்டு பொட்டலம் கருவாடும் வைத்தேன். சாமானெல்லாம் நாறிப்போகும் என்று அம்மா வெளியே எடுத்துப் போட்டாள். அத்தை அதை பிளாஸ்டிக் கவரில் சுற்றி மறுபடியும் உள்ளே வைத்தாள். கடைசியில் தான் வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிற பழைய சேலை ஒன்றை நான்காக மடித்து மேலே வைத்தாள். ராத்திரி அவள் காலடியில்தான் சுக்கான் படுப்பான். புது இடத்தில் வாசனை இல்லாவிட்டால் உறங்கமாட்டான் என்றாள். அப்பா தாழ்வாரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வைக்காதே, கீழே வை என்று அன்றைக்கு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

லாரி கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் பெட்டி வந்தது. அடடா, என்ன பெட்டி! புதுப் பலகை, வழவழவென்று இழைத்து, கதவுக்குக் கீல் போட்டு, இரண்டு பக்கமும் தூக்கக் கைப்பிடி வைத்து. தெருவே கூடிவிட்டது. நான் தட்டில் சோற்றைப் பிசைந்து உள்ளே வைத்து, "வாடா ராசா" என்று கூப்பிட்டேன். சுக்கான் வாலை ஆட்டிக்கொண்டு வந்தான். வாசலில் மூக்கை வைத்தான். உடனே தும்மினான். திரும்பத் திரும்பத் தும்மினான். பின்னாலேயே நகர்ந்து போய் அத்தை காலுக்கிடையில் பதுங்கிக்கொண்டான். என்னடா இது என்று நான் தலையை உள்ளே விட்டேன். கண் எரிந்து தண்ணீராகக் கொட்டியது.

"ஏளா, கிட்ட போவாத!" என்று அப்பா ஓடிவந்து என்னை இழுத்தார். பெட்டியின் பக்கவாட்டில் கதிர் படம் போட்ட முத்திரை கருப்பாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். வெளிநாட்டுக்குப் போகிற மரப்பெட்டியில் பூச்சி புழு இருந்தால் அந்த ஊர்க்காரர்கள் சரக்கையே இறக்க விடமாட்டார்கள். அதனால் பெட்டிகளை ஒன்றாக அடுக்கி, தார்ப்பாயால் மூடி, ஓரமெல்லாம் மணல்மூட்டை வைத்து அடைத்து, உள்ளே வாயுவைத் திறந்துவிடுவார்கள். மருந்து போடுவது என்று துறைமுகத்தில் சொல்வார்கள். பூச்சியென்ன, பாம்பு இருந்தாலும் செத்துப்போகும். அது முடிந்ததும்தான் அந்த முத்திரை. ஏற்றுமதிப் பெட்டிகளோடு சேர்ந்து சுக்கானின் பெட்டிக்கும் மருந்து போட்டுவிட்டார்களாம். அப்பா அப்படித்தான் சொன்னார்.

சாமானைப் பார்த்துப்போக வந்திருந்த டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணாச்சி, நாய எந்த நாட்டுக்கு ஏத்துமதி பண்ணுதீய?" தெருவும் சேர்ந்துகொண்டது. அம்மாகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியை எட்டி உதைத்தேன். கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

கழுவினால் போகாதா என்றேன். பலகைக்குள் இறங்கியிருக்கும், ஒரு வாரமாவது காற்றாட வெளியில் கிடக்க வேண்டும் என்றார். அட்டைப்பெட்டியில் கொண்டுபோகலாம் என்றேன். கிழித்துவிடுவான் என்றார். ரயிலில் என் காலடியில் போட்டுக்கொள்கிறேன் என்றேன். டி.டி.ஆர். இறக்கிவிடுவார் என்றார். பெட்டி அடிக்கிற அண்ணாச்சியிடம் சாயங்காலத்துக்குள் வேறு பெட்டி வாங்குங்கள் என்றேன். கப்பல் சரக்கு வேலை இருக்கிறது, இன்றைக்கு ஆகாது என்றார். ரேஷன் கார்டு எங்கே என்று கேட்டால் வீடெல்லாம் சுற்றி முழிக்கிற மனிதர், அன்று ஒவ்வொன்றுக்கும் பதிலைக் கையில் வைத்திருந்தார். அடுத்த மாதம் தானே வந்து அழைத்துப்போவதாகச் சொன்னார். எந்த அடுத்த மாதம்?

சுக்கான் தூத்துக்குடியிலேயே இருந்தான். லீவுக்குப் போனால் மேலே விழுந்து பிறாண்டுவான், ராத்திரியானால் அத்தையிடம் போய்விடுவான். அவள் வேலைவிட்டு வருகிற நேரத்துக்குத் தெருமுனையில் போய் உட்கார்ந்திருப்பானாம். கிழவனாகி, ஒரு கண் தெரியாமல், அவள் மடியில் தலைவைத்துச் செத்துப்போனான். அது வரைக்கும், அதற்குப் பிறகும், அப்பாவோடு எனக்கு எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் ஒன்று சொல்லுவேன். "நாய்க்கூண்டுக்கு மருந்து போட்ட ஆளுதான நீங்க?" அத்தோடு அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இது ஒரு கதையாகிவிட்டது. எங்கே நாலு பேர் கூடினாலும் யாராவது ஆரம்பிப்பார்கள். அப்பாவும் அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

என் கல்யாணத்தில் பந்தியில் அப்படித்தான் யாரோ ஆரம்பித்தார்கள். பெட்டி அடிக்கிற அண்ணாச்சியும் வந்திருந்தார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பிக் கேலி பண்ணவும் மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எம்மேல ஏன்டே பழி போடுதிய? உள்ளூர் போற நாய்க்கூண்டுக்கு எதுக்கு மருந்துன்னு நாந்தான் கேட்டேன். பொண்ணோட அப்பா இவியதான் கூட நின்னு, போடத்தான் வேணும்னாவ. காத்தாட வைக்கவும் விடல, அடுத்த நாளே தூக்கிட்டுப் போய்ட்டாவ."

பந்தியில் சிரிப்பு நிற்கவில்லை. அப்பா மட்டும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பக்கத்து இலையில் அத்தை இருந்தாள். அவள் சிரிக்கவில்லை. தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு எழுந்து கை கழுவப் போய்விட்டாள். இலையில் சாதம் அப்படியே இருந்தது.

நான் விடவில்லை. பட்டுச்சேலையோடு போய் அப்பாவைத் தனியே பிடித்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ அழுத, சத்தம் போட்ட, பட்டினி கெடந்த" என்றார். "ஏளா, அக்கா எதையும் கேக்கமாட்டா. அந்த நாயும் இல்லன்னா ஒத்தையில என்ன பண்ணுவா?"

நியாயமாக எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. கேட்காத மனுஷிக்கு ஒரு நாய் போதும் என்று நீங்களே முடிவு பண்ணிவிட்டீர்களாக்கும் என்றேன். அந்த நாயைக்கூட நேராகக் கொடுக்க வாய் வரவில்லை, அதற்கு ஒரு பெட்டி, ஒரு மருந்து, ஒரு பொய். அக்காவையும் கூட்டிப்போவோம் என்று சொல்ல வேண்டியதுதானே? அம்மாவிடம் ஒரு சண்டை வந்திருக்கும், வந்தால் வந்துவிட்டுப் போகிறது. தீப்பெட்டி வீட்டில் நாயைச் சேர்த்து ஐந்து பேர் இருக்க முடியாதா? போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை, ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

நாங்கள் சென்னைக்குக் கிளம்பிய அன்று காலையிலேயே லாரி போய்விட்டது. சாயங்காலம் ஸ்டேஷனுக்கு ஆட்டோ வந்தது. வீட்டுக்குள் ஒரு பாயும் நாலு பாத்திரமும்தான் மிச்சம். அம்மா ஏறி உட்கார்ந்து, நேரமாகிறது என்று கத்திக்கொண்டிருந்தாள். அத்தை வாசலில் சுக்கானின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தெருவே கேட்க அழுதேன். பத்து வயதில் உலகத்து அநியாயம் முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்ட மாதிரி நிமிர்ந்து அவளிடம் நியாயம் கேட்டேன்.

"இத்தன வருசம் கூட இருந்தான், நம்ம வீட்டு ஆளுதான? இப்படி யாராவது விட்டுட்டுப் போவாவளா அத்த?"

"அதானே" என்றாள் அத்தை.

அந்த வீட்டில் அவள் ஒருத்தியாவது சுக்கானுக்காகப் பேசினாளே என்று எனக்கு அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது.