மாமாவுக்குச் செய்த தேய்ப்பு மெஷின்

என் அக்கா வீட்டுக்காரருக்கு வண்டிகளுக்குப் பட்டி பார்க்கிற வேலை. நசுங்கிய தகட்டை டிங்கர் தட்டி நிமிர்த்திய பிறகு, மிச்சமிருக்கும் பள்ளத்தில் பட்டியை அப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, அடிபட்ட இடமே தெரியாமல் ஆக்கிவிடுவார். திண்டிவனம் ரோட்டில் அவருடைய ஷெட்டும் என் லேத்துப் பட்டறையும் ஒட்டினாற்போல இருக்கின்றன. காலையில் கறுப்பாக உள்ளே போகிற மனிதர், பதினோரு மணிக்குள் மாவு மில்லில் விழுந்து எழுந்தவர் மாதிரி ஆகிவிடுவார். அதில் அவருக்குப் பெருமை வேறு.

போன வருஷம் அவருக்கு இருமல் பிடித்தது. பனி என்றார், அக்கா வைத்த ரசத்தில் காரம் என்றார். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "தூசியை விடுங்க, இல்ல தொழிலை விடுங்க. இப்படியே போனா நாலு படி ஏற முடியாது" என்று சொல்லிவிட்டார். மாஸ்க் வாங்கிக் கொடுத்தோம். மாமா அதைத் தாடைக்கு மாட்டிக்கொண்டு வேலை பார்த்தார்.

அக்கா நேராக என் பட்டறைக்கு வந்தாள். "டிப்ளமா படிச்சிட்டு இன்னாடா கிழிச்ச? தூசிய இழுக்கிற மாதிரி ஒன்னு செஞ்சி குடு. அந்த ஆள விட்டா எனக்கு யாருடா இருக்காங்க?" என்றாள். திட்டிக்கொண்டே வந்தவள், கடைசி வார்த்தையில் அழுதுவிட்டாள். எனக்குப் பயமாகிவிட்டது.

கடையில் விற்கிற, தூசி இழுக்கும் தேய்ப்பு மெஷின் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தோம். நேரான கதவுக்குச் சரி. மட்கார்டு வளைவில் உட்காரவில்லை. அதனால் நானே செய்தேன். உள்ளங்கை அகலத்தில் வளைந்து கொடுக்கும் ஒரு ரப்பர் கட்டை, அதில் ஓட்டைகள், அதே இடங்களில் ஓட்டை போட்ட உப்புத்தாள். மேலே ஒரு குழாய், அதன் மறுமுனையில் பழைய வேக்குவம் கிளீனர் மோட்டார், கடைசியில் தூசி சேர ஒரு பை. பை, அக்காவின் பழைய உள்பாவாடையை இரண்டு மடிப்பாகத் தைத்தது. மாமாவுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

நாலு இழுப்பு இழுத்தவர் மெஷினைக் கீழே வைத்தார். "மச்சான், என்ன குருடனாக்கிட்டியே" என்றார். பட்டி தேயும்போது தூள் வெளிர் மஞ்சளாக வருமாம். அடியில் இருக்கும் பிரைமரைத் தொட்டதும் சாம்பலாக மாறுமாம். அங்கே கை நின்றுவிட வேண்டும். தூளெல்லாம் பைக்குள் போனால் எங்கே நிற்பது? என் மாமா சொன்னதில் நியாயம் இருந்த நாட்கள் குறைவு. அது அவற்றில் ஒன்று. கைப்பிடியை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் வைத்தேன். ஓடுகிற தூளைப் பார்த்தபடியே தேய்த்தார், சரியான இடத்தில் நிறுத்தினார், உள்ளங்கையால் தடவினார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த கதவுக்குப் போனார். அவர் அகராதியில் அதுதான் பாராட்டு.

ஒரு மாதம் ஓடியது. ஷெட்டில் தரை சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் பை நிறைந்தது, நான்தான் வெளியே கொண்டுபோய்க் கொட்டிவந்தேன். ஆனால் மாமா மட்டும் பழையபடியே வெள்ளையாக வெளியே வந்தார், பழையபடியே இருமினார். எனக்கு அவமானமாக இருந்தது. இணைப்புகளைப் பிரித்துப் பிரித்து அடைத்தேன். அக்காவின் இன்னொரு பாவாடையும் பைக்குப் போனது. கறுப்புத் துணியை ஈரமாக்கி மெஷினைச் சுற்றிக் கட்டிப் பார்த்தேன். ஒரு பொட்டுத் தூசி ஒட்டவில்லை. பிறகு எங்கிருந்துதான் வருகிறது?

இதற்குள் அக்கா எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை மெஷினைக் காட்டப்போகிறோம் என்று திண்டிவனத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் நாலு பெயின்டர்களை வரவழைத்துவிட்டாள். அன்று மாதா படத்தின்முன் மெழுகுவத்தி ஏற்றினாள். அது போதாதென்று மாமா ஒரு எலுமிச்சம்பழமும் வாங்கி வைத்திருந்தார். பெயின்டர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வல்லத்தில் மல்லாட்டைக் கடலை வியாபாரம் செய்கிறவர், வேலைக்கு விட்டிருந்த தன் வேனை எடுக்க வரும் நேரம். மாமாவைக் காணோம்.

வேனுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். சைடு கண்ணாடி முன் குனிந்து நின்று, பையில் கைவிட்டுத் தூளை அள்ளி, கல்யாணத்துக்குப் பவுடர் போடுகிறவர் போலக் கன்னத்தில் பூசிக்கொண்டிருந்தார். பிறகு தலைக்கு. நடுநடுவே இருமல்.

"இன்னா மாமா பண்றீங்க?"

"வண்டிக்காரரு வராரு மச்சான். மூஞ்சி பளிச்சுனு இருந்தா, வேல செஞ்சேன்னு எவன் நம்புவான்?"

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. ஒரு மாதமாக நான் ஓட்டை தேடிய மெஷினில் ஓட்டையே இல்லை. அவரை இழுத்து வந்து, எல்லார் முன்னாலும் என் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தேன். அப்போது உள்ளே வந்த வேன்காரர் முகம் சுருங்கியது. "இன்னாப்பா, மெஷின்ல போட்டியா? கையால தேய்க்கலியா?" என்றார். மாமா என்னை முறைத்தார்.

நான் தரையில் பேப்பரை விரித்துப் பையைக் கவிழ்த்தேன். "உங்க வண்டியில தேய்ச்சது இவ்ளோ. இத்தினி நாளும் இது பறந்தது அவரு மூக்குக்கு முன்னாலதான்" என்றேன்.

வேன்காரர் பழக்கதோஷத்தில் ஒரு கை அள்ளி எடை பார்த்தார். பிறகு என்னவோ போலாகி, மெதுவாகக் கொட்டிவிட்டார். பெயின்டர்களில் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். மாமா குவியல் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையிலும் தூளை ஏந்திப் பார்த்தார்.

"மச்சான்," என்றார் சன்னமாக, "இது ஒரு வண்டிதான?"

"ஒரு வண்டிதான் மாமா."

இருபது வருஷமாக அவர் தேய்த்த வண்டிகள் எத்தனை என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அக்கா சொம்பில் தண்ணீரோடு வந்தபோது, அவர் கழுவிக்கொள்ள முகத்தை நீட்டினார்.