மாயவன் போட்ட ‘ஆமாங்க’

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து மாயவனைப் போல நாம் பேசுவதைக் கேட்கிற ஆள் கிடைப்பது கஷ்டம். அவருடைய ஊரில் பெரியவர் பேசினால், எதிரே நிற்பவர் பேச்சுக்குப் பேச்சு “ஆமாங்க” போட வேண்டும். ஒத்துக்கொண்டதாக அர்த்தமில்லை, காது கொடுத்துக் கேட்கிறேன் என்று அர்த்தம். வாயை மூடிக்கொண்டு நின்றால்தான் திமிர் பிடித்தவன் என்பார்கள்.

இந்த மரியாதையோடுதான் மனுஷன் ஆந்திராவுக்கு மாங்காய் லோடு ஏற்றப் போனார். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றவரிடம் போலீஸ்காரர்கள் ஊரைக் கேட்டார்கள். கல்வராயன் மலை என்றதும், அங்கிருந்து திருட்டுத்தனமாகச் செம்மரம் வெட்ட வருகிற கூட்டத்தில் ஒருவன் என்று முடிவுகட்டிப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கோர்ட்டில் நீதிபதி தெலுங்கில் கேட்டுக்கொண்டே போனார். மாயவனுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் பேசுகிறவர் பெரியவராயிற்றே! கையைக் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி, எல்லாவற்றுக்கும் “ஆமாங்க” போட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று பதிவாகிவிட்டது. தண்டனை சொல்வதுதான் பாக்கி.

மனைவி பவானி மலையிறங்கி ஓடி, கள்ளக்குறிச்சி வக்கீல் கோகிலவாணியைப் பிடித்தாள். வக்கீல் ஜெயிலுக்கே போய்க் கேட்டார்.

“இன்னா கேட்டாங்கன்னு தெரிஞ்சா ஆமான்னு சொன்னீங்க?”

“தெரியாதுங்க. அவ்ளோ பெரிய மனுசன் பேசிக்கினு இருக்கசொல்ல நான் கம்முனு நின்னா நல்லாவா இருக்கும்?”

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். சிரிப்பும் வந்தது.

மறுநாள் கோர்ட்டில் அவர் விடவில்லை. புரியாத மொழியில் நடப்பது விசாரணையே அல்ல, இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்று நம் நாடு ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையே சொல்கிறது, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் இதற்காகவே போராடி ஜெயித்தவர்கள் உண்டு என்று வாதாடினார். ‘ஆமாங்க’ கதையையும் சொன்னார்.

நீதிபதி மாயவனைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார்: “நேற்று ராத்திரி நிலாவைத் திருடியது நீதானா?”

“ஆமாங்க.”

“திருப்பதி மலையைத் தூக்கிப்போனதும்?”

“ஆமாங்க.”

கோர்ட்டே சிரித்தது. மரியாதைக்கு மாயவனும் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்ததும் நீதிபதியின் முகம் மாறிவிட்டது. பழைய பதிவை ரத்து செய்து, மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தார்.

அப்புறம்தான் தன்மேல் என்ன புகார் என்பதே மாயவனுக்குத் தெரிந்தது. பதறிப்போய், “ஐயோ, இல்லீங்க! அன்னிக்கு மண்டியில மாங்கா ஏத்திக்கினு இருந்தேன்!” என்று கத்தினார். மண்டிக்காரர் வந்து சாட்சி சொன்னார்.

தீர்ப்பு நாளில் நீதிபதி தெலுங்கில் ஏதோ சொன்னார். மாயவன் வாயே திறக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினார்.

“இன்னா சொல்றாருங்க?”

“உன்மேல தப்பில்ல, வீட்டுக்குப் போலாம்னு சொல்றாரு. புரிஞ்சுதா?”

பின்னால் பவானி அழுவது கேட்டது. மாயவனுக்கும் கண் நிறைந்துவிட்டது.

“ஆமாங்க... ஆமாங்க, ஆமாங்க, ஆமாங்க...”

நீதிபதி சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினார். ஒரு தடவை சொன்னால் போதுமாம்.