ஐஸ் கிடங்கில் ஒளிரும் மீன்

ஜொகூர் பாரு சந்தைக்குப் பின்னாலுள்ள ஐஸ் கிடங்கில் நடுங்கிக்கொண்டு நிற்கிறேன். குளிரில் வாழும் கிருமிகளைத் தேடிச் சிங்கப்பூர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவன் நான். கதவைச் சாத்தியதும் பெட்டியிலுள்ள மீன்கள் நீலமாக ஒளிர்கின்றன.

"மீனுக்கு ஹந்து, பேய் பிடிச்சிருக்கு தம்பி. மந்திரிக்க ஆள் வர்றாரு" என்கிறார் கிடங்குக்காரர் மரைக்காயர்.

"பேயில்லைங்க, கிருமி. காத்து இருந்தாதான் ஒளிரும். அத வச்சு தண்ணிக்குள்ள எங்க காத்து இருக்குன்னு சோதிக்கலாம். ஆராய்ச்சிக்கு ஒரு மீன் குடுங்க."

"ஐஸ்ல கிருமி செத்துரும்னு ஐஸ் கம்பெனி வெள்ளைக்காரத் துரை சொன்னாரே?"

"துரை சொன்னது கிருமிக்குத் தெரியாதுங்க."

இதுவரை பேயோடு நிம்மதியாக வியாபாரம் செய்தவரின் முகம் இப்போதுதான் வெளுக்கிறது.

"பேய்னா மந்திரிச்சு வித்துடலாம். கிருமின்னா சுகாதார இன்ஸ்பெக்டர் கிடங்கையே பூட்டிடுவாரு. பேய்னே எழுதிக்குங்க லா."

பெரிய மீனாகப் பார்த்து இலையில் சுற்றித் தருகிறார். அறிவியலின் பெயரால் வாங்கிக்கொண்டு குறிப்பேட்டில் எழுதுகிறேன்: 'ஜொகூர். மீன் ஒன்று. பேய் பிடித்தது.'