எட்டாவது படி

இந்தத் தேயிலை மலையில் அரிசியைக் கண்ணால் பார்த்து வாங்க முடியாது, காதால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து மாட்டு வண்டியில் வரும் அரிசியைச் சனிக்கிழமை காலை தோட்டத்து ஸ்டோர் வாசலில் அளப்பார்கள். அந்நேரம் முன்னால் நிற்பவர் முதுகே தெரியாத பனி. படி சரியும் சத்தமும் கணக்கப்பிள்ளையின் குரலும்தான் வரும். நம் ஊர் நெற்களத்தில் போலவே ஒன்றுக்கு “லாபம்” என்பார். பிறகு ரெண்டு, மூணு. ஏழு சொன்னதும் அவருக்கு அக்கறை பொங்கிவிடும். “என்ன ஆயி, புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?” அரிசி வாங்குபவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த படி விழும். “ஒம்போது” என்பார்; எட்டாவது படி அவர் பக்கம் போய்விடும்.

அந்த எட்டாவது படியால்தான் என் மகள் செத்தாள். வேறு எப்படியும் சொல்ல எனக்கு மனமில்லை. கடல் தாண்டி நாங்கள் வந்த வருடம், பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு என் மனைவி செல்லம்மாள் கஞ்சித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கொழுந்து பறித்தாள். பால் வற்றிப்போயிற்று. குழந்தை மூன்று மாதம் இருந்தது. அன்றே பழி வாங்குவதென்று முடிவெடுத்தேன். கை நீட்டினால் என் தலைதான் உருளும். பிறகு, நாலு எழுத்துத் தெரிந்தவன் என்று லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலையைத் தோட்டத்துத் தொரை எனக்குக் கொடுத்தார். அதையே பிடித்துக்கொண்டேன்.

பலகையில் எண் எழுதவில்லை. பிள்ளைகளைக் கண்மூடி உட்காரவைத்து, சிரட்டையால் மணலை அள்ளிக் கொட்டுவேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு புளியங்கொட்டை வைக்க வேண்டும். நடுவே பேச்சுக் கொடுப்பேன். “ஏ ராக்கு, ஒங்க ஆடு குட்டி போட்டுச்சா?” பதில் சொல்லிக்கொண்டே கொட்டை வைப்பவள் கெட்டிக்காரி, மறந்தவள் தோற்றாள். கடைசியில் ஐந்தைந்தாகக் குவித்து, மொத்தம் எத்தனை, யாருக்கு எத்தனை குறைவு என்று சொல்வார்கள். ஒருநாள் தொரை எட்டிப் பார்த்து, “என்ன வாத்தி, சூதாட்டமா?” என்றார். “ஆமாங்க தொரை, கணக்குங்க” என்றேன். இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

தொரை ஸ்டோருக்கு வரும் ஒரு சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். அன்று பிள்ளைகள் தாய்மாரோடு நின்றார்கள். ராக்குவின் தாய்க்கு அளந்தபோது, “ஏழு… என்ன ஆயி, மாமியா வந்துட்டாளாமே?” என்றார் கணக்கப்பிள்ளை. “ஆமாங்க ஐயா, நேத்துதான்…” “ஒம்போது!”

“எட்டு!” என்று பனிக்குள்ளிருந்து அத்தனை பிள்ளைகளும் கத்தினார்கள். ராக்கு தன் எட்டுக் கொட்டைகளையும் தொரையின் சப்பாத்துக்கு முன்னால் அடுக்கினாள். தொரை எல்லாவற்றையும் மறுபடி அளக்கச் சொன்னார். இந்தத் தடவை கணக்கப்பிள்ளை எட்டை வாய்விட்டுச் சொல்லி அளந்தார். அந்த எட்டை இன்றும் நினைத்து நினைத்து ருசிக்கிறேன், எனக்கு இரக்கமே இல்லை. அடுத்த வாரம் பெட்டியோடு அவர் கொஸ்லந்தப் பாதையில் இறங்கியபோது, அவர் வைத்த ஒவ்வொரு அடியையும் பிள்ளைகள் “லாபம், ரெண்டு, மூணு” என்று எண்ணி வழியனுப்பினார்கள்.

லயமே சிரித்தது. செல்லம்மாள் சிரிக்கவில்லை. “ஒங்க அப்பாவும் ஏழு வந்ததும் எங்க ஆத்தாகிட்ட இப்பிடித்தான் நலம் விசாரிப்பாரு” என்றாள்.

பொய்யில்லை. திருச்சிப் பக்கத்துக் களத்தில் நெல் அளந்தவர் என் தகப்பனார். அங்கே கூலிக்கு நின்றவர்கள் அவள் வீட்டார். அவளைக் கட்டியதற்காகத்தான் அவர் என்னை விரட்டினார். நான் தின்று வளர்ந்ததும் எட்டாவது படிதான்.

ஊரில் இதைப் படிப்பவர்களே, என் தகப்பனார் அங்கே இன்னும் அளக்கிறாராம். களத்துக்குப் போகும் பிள்ளைகள் மடியில் புளியங்கொட்டை கட்டி அனுப்புங்கள். அவர்கள் கத்தும்போது கூட நிற்க எனக்கும் ஆசைதான். ஆனால் அவருக்குக் கொள்ளி வைக்க வேண்டியவனும் நான்தான்.

ராக்குவின் எட்டாவது கொட்டையை என் மகளைப் புதைத்த சரிவில் ஊன்றினேன். இந்தக் குளிரில் புளி முளைக்காது. தெரிந்தும், தோண்டி எடுக்க மனம் வரவில்லை.